சுமையில் பங்கு



நான் ஆலிமும் அல்லன், எழுத்தாளனும் அல்லன். மதரஸாவில் ஓதியதும் ஆரம்பப் பள்ளியில் ஆறு வகுப்புப் படித்ததுமே என் கல்வி. அதன் பிறகு கஜக்கோலும் கல்லாப் பெட்டியும்தான் எனக்குப் பாடம் சொல்லின. ஆயினும் சென்ற மாதம் என் குடும்பத்தில் எழுந்த ஒரு விஷயம் என்னைப் பல இரவுகள் உறங்கவிடாமல் செய்தது. அது என் வீட்டு விஷயம் மட்டுமன்று, நம் வியாபாரப் பெருமக்கள் அநேகருடைய வீட்டிலும் இருப்பது என்று தோன்றியபடியால், இவ்விதழின் மூலம் உங்கள் முன் வைக்கத் துணிந்தேன். பிழையிருந்தால் பொறுத்தருளவும்.

என் லாத்தாவின் மகன் ஈப்போவில் என் ஜவுளிக்கடையிலேயே வேலை பார்க்கிறான். கலியாணம் ஆகி ஒன்றரை வருஷம் ஆகிறது. அவன் மனைவி ஒரு கணக்காய்வு அலுவலகத்தில் வேலை செய்யும் பெண். இப்பொழுது தலைச்சன் பிள்ளைக்கு ஏழு மாதம். லாத்தா, மகன், மருமகள் மூவரும் ஊருக்கு வெளியே ஒரு தாமானில் குடியிருக்கிறார்கள். முப்பது வருஷங்களுக்கு முன் அது ரப்பர்த் தோட்டம். இன்று ஒரு பால்மரம்கூட இல்லை. வரிசை வரிசையாய் வீடுகள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லுஹர் தொழுதுவிட்டு அவர்களைப் பார்க்கப் போனேன். வாசலிலேயே லாத்தா என்னைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "தம்பி, உன் மருமகன் செய்கிற கூத்தைப் பின்கட்டில் போய்ப் பார். ஊர் சிரிக்கிறது. நீ ஒருவன்தான் அவனைக் கண்டிக்கக்கூடியவன்" என்றார். போய்ப் பார்த்தேன். பையன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, துவைத்த துணிகளைக் கொடியில் உலர்த்திக்கொண்டிருந்தான். அவன் துணியும் இருந்தது, தாயின் துணியும் இருந்தது, மனைவியின் துணியும் இருந்தது. அடுப்பில் ஆணம் கொதித்துக்கொண்டிருந்தது. அதுவும் அவன் கூட்டியதுதான். அந்தப் பெண் கால் வீங்கி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்திருக்க முயன்றாள். "உட்காரம்மா" என்று சொல்லிவிட்டு, அவனைக் கண்டிக்க வாயைத் திறந்தேன்.

வாய் திறந்ததே தவிர, வார்த்தை வரவில்லை. எந்தச் சட்டத்தைக் காட்டி அவனைக் கண்டிப்பது? எந்தக் கிதாபில், எந்த ஹதீஸில், இது தவறு என்று இருக்கிறது? சிறிது நேரம் நின்று யோசித்தேன். ஒன்றும் அகப்படவில்லை. "ஆணத்தில் உப்புப் பார்த்துப் போடு" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன். அன்றிலிருந்து இதே யோசனை. பிள்ளையைச் சுமப்பவள் ஒருத்தி. அந்தச் சுமை யாருடையது? அதில் கணவன் ஏதேனும் செய்தால் அது அவன் மனமிரங்கிச் செய்யும் உதவியா, அல்லது அவன் செலுத்தியே தீரவேண்டிய பங்கா?

இந்தக் கேள்விக்குப் பதில் தேட, முதலில் நம் முன்னோர் கதையைப் பார்க்கவேண்டும். இராமநாதபுரம், தஞ்சாவூர்க் கடற்கரை ஊர்களில் கடல் கடந்து பிழைக்கப் போனவரைச் சபராளி என்பார்கள். சபர் என்றால் பயணம். என் பாட்டனார் ஒரு சபராளி. யுத்தம் முடிந்து கப்பல் ஓடத் தொடங்கியதும் ஊருக்குப் போய்க் கலியாணம் முடித்தார். 1948-இல், பாட்டியார் வயிற்றில் என் வாப்பா இருக்கும்பொழுது, நாகப்பட்டினத்தில் ராஜூலாக் கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கி ரயிலில் ஈப்போ வந்து சேர்ந்தார். பிள்ளை பிறந்த செய்தி கடிதத்தில் வந்தது. கடைத்தெருவில் எல்லோருக்கும் சீனி வழங்கினாராம். அவர் மீண்டும் ஊர் போனது 1952-இல். வாப்பாவுக்கு அப்பொழுது நான்கு வயது. வந்தவரைக் கண்டு பயந்து தாயின் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டு, "இந்தப் பெரியவர் எப்பொழுது போவார்?" என்று கேட்டாராம். இதை வாப்பா சிரித்துக்கொண்டுதான் எங்களுக்குச் சொல்வார். பாட்டியார் சிரித்து நான் பார்த்ததில்லை.

பாட்டியாருக்கு இரண்டாவது பிரசவத்தில் பிள்ளை தங்கவில்லை. அதை அடக்கம் செய்து பல நாட்கள் கழித்துத்தான் பாட்டனாருக்குச் செய்தி கிடைத்தது. அதற்குள் அவர், பிறக்கப்போகும் பிள்ளைக்கென்று சட்டைத் துணி வாங்கி, ஊர் போகும் ஒருவரிடம் கொடுத்தனுப்பிவிட்டார். துணி ஊர் போய்ச் சேர்ந்தது. பாட்டியார் அதைக் கடைசிவரை பெட்டியில் வைத்திருந்தார்.

பாட்டனாரைக் குற்றம் சொல்ல நான் இதை எழுதவில்லை. அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. கடன் இருந்தது, மூன்று தங்கைகள் இருந்தார்கள், கடையில் இரண்டு மூன்று வருஷங்களுக்கு ஒரு முறைதான் லீவு. குடும்பத்தை அழைத்துக்கொள்ளலாம் என்றால் கடைத்திண்ணையில் பத்துப் பேரோடு படுப்பவன் மனைவியை எங்கே வைப்பது? 1953-க்குப் பிறகு குடிநுழைவுச் சட்டமும் இறுகிவிட்டது. ஆகவே அவர் தூரத்தில் இருந்தது கட்டாயத்தினால். அந்தக் கட்டாயத்துக்குள்ளும் அவர் பணம் அனுப்பத் தவறியதில்லை.

ஆனால் சகோதரர்களே, நாம் செய்தது என்ன? கட்டாயத்தினால் வந்த ஒரு வழக்கத்தை நாளடைவில் கௌரவமாக ஆக்கிக்கொண்டோம். "ஆண்பிள்ளை என்றால் சம்பாதிப்பான், பணம் கொடுப்பான், பிள்ளைப்பேறு பெண்கள் பாடு" என்பது ஏதோ மார்க்கச் சட்டம் போல் ஆகிவிட்டது. ராஜூலாவின் பயணம் 1973-ஓடு முடிந்தது. பின் வந்த சிதம்பரம் கப்பலும் 1985-இல் தீப்பிடித்ததோடு பிரயாணிகளை ஏற்றுவதை நிறுத்தியது. இன்று கடைக்கும் வீட்டுக்கும் இடையே இரண்டு மைல். நாமோ இன்னும் கப்பலிலேயே இருக்கிறோம்.

தூரத்தில் இருப்பதைப் பற்றி நம் மார்க்க வரலாற்றிலேயே ஒரு செய்தி உண்டு. கலீபா உமர் (ரலி) இரவில் நகர்வலம் வரும்பொழுது, போர்முனைக்குப் போன கணவனை நினைத்து ஒரு பெண் தனிமையில் வருந்துவதைக் கேட்டார்கள் என்றும், தம் மகளார் ஹப்ஸா (ரலி) அவர்களிடம், ஒரு பெண் கணவனைப் பிரிந்து எவ்வளவு காலம் பொறுப்பாள் என்று விசாரித்து, அதன்படி படைவீரர்களின் தவணைக்கு எல்லை வகுத்தார்கள் என்றும் சொல்லப்படுகிறது. நான்கு மாதம் என்று சில ரிவாயத்து, ஆறு மாதம் என்று சில. மாதக் கணக்கில் வேறுபாடு இருந்தாலும் விஷயம் ஒன்றுதான். நாட்டைக் காக்கும் போருக்குக்கூட ஒரு பெண்ணின் மனத்தைக் கேட்டுத் தவணை வைத்தார்கள். நம் வியாபாரம் அதைவிடப் பெரிதா?

இனி, பையன் செய்தது சரியில்லை என்பவர்கள் சொல்லும் நியாயங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கலாம். இவை வெளியார் சொல்பவை அல்ல. ஒரு காலத்தில் நானே சொன்னவை.

முதலாவது, வீட்டு வேலை செய்வது ஆண்மைக்குக் குறைவு என்பது. நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்பொழுது என்ன செய்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்டபொழுது, தம் குடும்பத்தாரின் பணியில் இருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்பட்டு விடுவார்கள் என்று சொன்னது புகாரியில் உள்ளது. மதரஸாவில் நாம் எல்லோரும் கேட்டதுதான். கேட்டோம், தொழுகைக்குப் புறப்பட்டதை மட்டும் பிடித்துக்கொண்டோம், அதற்கு முன் இருந்ததை விட்டுவிட்டோம். இந்த நியாயத்துக்கு இதற்குமேல் பதில் தேவையில்லை.

இரண்டாவது, "நம் தாய்மார் பத்துப் பிள்ளை பெற்றார்கள், யார் துணி துவைத்துக் கொடுத்தார்கள்?" என்பது. இதில் இரண்டு தவறுகள் உண்டு. எத்தனை பேர் பெற்றார்கள் என்று கணக்கிடுகிறோமே தவிர, எத்தனை பேர் இறந்தார்கள் என்று கணக்கிடுவதில்லை. 1950-ஆம் ஆண்டு வாக்கில் மலாயாவில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு ஐந்நூறுக்கு மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். அண்மைக் காலத்தில், தொற்றுநோய் ஆண்டுகள் நீங்கலாக, அது முப்பதை ஒட்டி வந்துவிட்டது. இது தானாகக் குறையவில்லை. பயிற்சி பெற்ற மருத்துவச்சிகள், ஊருக்கு ஊர் தாய்சேய் கிளினிக்குகள், மாதாமாதம் பரிசோதனை, நல்ல சாலை, பெண்களின் படிப்பு இவ்வளவும் சேர்ந்து குறைத்தன. பொறுப்பைப் பலர் பங்கிட்டுக்கொண்டதால்தான் தாய்மார் பிழைத்தார்கள்.

மற்றொரு தவறு, அக்காலத்துப் பெண்ணுக்கு உதவி இல்லை என்று நினைப்பது. ஒரு வீட்டில் மாமியார், நாத்தனார், ஓரகத்தி, பாட்டி என்று எட்டுப் பத்துக் கைகள் இருந்தன. தோட்டத்து லயத்தில் பக்கத்து வீட்டுக்காரி சோறு ஆக்கிக் கொடுத்தாள். பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டார்கள். சுமை அன்றும் பங்கிடப்பட்டது. ஆனால் பெண்களுக்குள் பங்கிட்டுக்கொண்டபடியால் ஆண்கள் கண்ணில் படவில்லை. இன்று அந்தக் கைகள் இல்லை. தாமான் வீட்டில் முழங்கால் வலியோடு ஒரு மாமியார், அலுவலகம் போய்வரும் ஒரு மருமகள், ஒரு மகன். மூன்று பேர் இருக்கும் வீட்டில் இருவரால் முடியாதபொழுது மூன்றாமவன் எழுந்திருக்காமல் என்ன செய்வது?

மூன்றாவது நியாயம், "நான் பணம் கொடுக்கிறேனே, போதாதா?" என்பது. பணம் கொடுப்பது கடமை, அதில் சந்தேகமில்லை. தலாக்கு ஆன மனைவியாயினும் கர்ப்பவதியாக இருந்தால் பிரசவிக்கும்வரை செலவு செய்யவேண்டும் என்பது திருக்குர்ஆனின் தலாக் அத்தியாயத்தில் உள்ள கட்டளை. இதைச் சற்று யோசித்துப் பாருங்கள். உறவு அறுந்துபோனவளுக்கே அவ்வளவு தரவேண்டும் என்றால், அது அடிமட்டக் கணக்கு. கூடி வாழும் மனைவிக்கு அதையே கொடுத்துவிட்டு, பூரணமாகச் செய்துவிட்டேன் என்று சொல்லலாமா? பால்குடி மறக்கடிக்கும் காலத்தைக்கூடத் தாயும் தகப்பனும் கலந்து பேசி, இருவர் மனமும் ஒப்பி முடிவு செய்யவேண்டும் என்று பகரா அத்தியாயம் சொல்கிறது. கலந்து பேசப் பக்கத்தில் இருக்கவேண்டும்; பணம் பேசாது.

அன்னை மர்யம் (அலை) அவர்களின் பிரசவத்தை நினைத்துப் பாருங்கள். பக்கத்தில் மனிதர் எவருமில்லை. பேரீச்ச மரத்தடியில் வேதனை தாளாமல், இதற்கு முன்பே இறந்திருக்கலாகாதா என்று வருந்துகிறார்கள். அப்பொழுது அவர்களுக்குக் கிடைத்தவை என்ன? வருந்தாதீர் என்ற ஓர் ஆறுதல் சொல், குடிக்கத் தண்ணீர், உண்ணப் பழம். பிரசவ வேதனையில் இருக்கும் பெண்ணுக்கு என்ன தேவை என்பதை அவளைப் படைத்தவன் அறிவான். அம்மூன்றில் ஒன்றும் நம்மால் கொடுக்கமுடியாதது அன்று.

நான்காவது நியாயம்தான் நமக்கு மெய்யாகவே உறைப்பது. "அப்படியானால் கடை என்னாவது?" இதற்குப் பதில் சொல்லுமுன், என்னைப் பற்றி ஒன்று சொல்லிக்கொள்ள வேண்டும். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

2008-ஆம் ஆண்டு தீபாவளி வியாபாரம். ஜவுளிக்காரனுக்கு அந்த மூன்று வாரமும் நோன்புப் பெருநாள் வாரங்களும்தான் வருஷத்துச் சோறு. அப்பொழுது என் மனைவிக்குத் தலைச்சன் பிள்ளைக்கு எட்டு மாதம். காலையில் தலைவலி என்றாள். கிளினிக்குக்குப் போகவேண்டிய நாளும் அதுவே. "கடையில் கூட்டமாக இருக்கும், வாடகைக் காரில் போய் வா" என்று ஐம்பது வெள்ளியை எடுத்துக் கொடுத்தேன். தாராளமாகக் கொடுத்ததாக எனக்கு நினைப்பு. அங்கே இரத்த அழுத்தம் கூடியிருக்கிறது என்று சொல்லி, அப்படியே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். மக்ரிபுக்குப் பிறகுதான் நான் போய்ச் சேர்ந்தேன். அல்லாஹ்வின் கிருபையால் தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். விஷயம் முடிந்தது என்று நானும் மறந்துவிட்டேன்.

பல வருஷங்கள் கழித்து அலமாரியை ஒழுங்கு செய்யும்பொழுது, கர்ப்பிணிகளுக்குக் கிளினிக்கில் கொடுக்கும் ரோஸ் நிறக் குறிப்பேடு கையில் அகப்பட்டது. புரட்டினேன். அந்த நாளின் பக்கத்தில் தாதியின் கையெழுத்தில், கணவர் வெளியூரில் இருக்கிறார் என்று மலாயில் எழுதியிருந்தது. மனைவியைக் கேட்டேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னாள்: "கூட யாரும் வரவில்லையா, வீட்டுக்காரர் எங்கே என்று மூன்று முறை கேட்டார்கள். மூன்று தெரு தள்ளிக் கடையில்தான் இருக்கிறார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்கள் மரியாதை போய்விடுமே என்று வெளியூர் என்று சொல்லிவிட்டேன்."

சகோதரர்களே, அன்றைய விற்பனை எவ்வளவு என்பது இன்று எனக்கு ஞாபகமில்லை. அந்த ஒரு வரி மறக்கவில்லை. என் பாட்டனார் கடலுக்கு அப்பால் இருந்ததால் சபராளி ஆனார். நான் மூன்று தெருவுக்கு அப்பால் இருந்து சபராளி ஆனேன். அவருக்குக் கட்டாயம் இருந்தது. எனக்கு எதுவும் இருக்கவில்லை. என் மானத்தைக் காப்பாற்ற அவள் பொய் சொல்ல நேர்ந்ததே, அந்தப் பொய்யின் பாவம் யார் கணக்கில் எழுதப்படும்?

இப்பொழுது உதவியா, பங்கா என்ற முதல் கேள்விக்கு வருவோம். நமக்குத் தெரிந்த பாஷையிலேயே பேசுவோம். இரண்டு பேர் கூட்டாக ஒரு கடை வைத்திருக்கிறார்கள். ஒருவர் நோயில் படுத்துவிட்டார். மற்றவர் அவர் வேலையையும் சேர்த்துப் பார்க்கிறார். அவர், "நான் என் கூட்டாளிக்கு உதவி செய்கிறேன்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தால் நாம் என்ன சொல்வோம்? "ஐயா, அது உம்முடைய கடையும் அல்லவா? ஆதாயத்தில் பாதி உம்முடையது அல்லவா?" என்போம். பிள்ளை பிறந்தால் அது என் பெயரைச் சொல்லும், என் மய்யித்தைத் தூக்கும், எனக்காகத் துஆச் செய்யும். ஆதாயத்தில் நான் முழுப் பங்காளி. பாடுபடுவதில் மட்டும் நான் உதவிக்கு வந்த அயலானா? ஆகவே உதவி என்ற சொல்லே இங்கே பொருந்தாது.

ஒருவர் கேட்கலாம்: "கர்ப்பத்தை எப்படிப் பங்கிட முடியும்? ஒரு நாழிகை வேதனையையாவது ஆண் வாங்கிக்கொள்ள முடியுமா?" முடியாது. அது மெய். ஆனால் அதிலிருந்து பிறக்கும் முடிவு, ஆண் சும்மா இருக்கலாம் என்பதன்று. மூட்டையில் ஒரு பாகத்தைப் பிரிக்கவே முடியாது, அதை ஒருவரே சுமந்தாக வேண்டும் என்றால், பிரிக்கக்கூடிய மற்றவற்றை அடுத்தவர் கூடுதலாக எடுத்துக்கொள்வதே நீதி. வயிற்றை வாங்கிக்கொள்ள முடியாதவன் தண்ணீர்க் குடத்தை வாங்கிக்கொள்ளட்டும். இரவு விழிப்பை, கடைக்குப் போவதை, கிளினிக்கில் காத்திருப்பதை, பயத்தை வாங்கிக்கொள்ளட்டும். பயத்தை இருவர் பங்கிட்டால் அது பாதியாகிறது என்பதை ஆஸ்பத்திரி வாசலில் நின்றவர்கள் அறிவார்கள்.

இதை எனக்கு முதலில் காட்டியவர் படித்தவர் எவருமல்லர். எனக்குப் பத்து வயது இருக்கும்; 1990-ஆம் ஆண்டு வாக்கில், பள்ளி விடுமுறையில் வாப்பாவோடு ஜவுளி ஏற்றிய வேனில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களுக்குச் சம்பள நாட்களில் போவேன். பால் நிறுக்கும் கொட்டகையருகே வேனை நிறுத்துவோம். ஒரு நாள் ஒரு வெட்டுக்காரர் இரண்டு காண்டா வாளிப் பாலை நிறுத்துவிட்டு, திரும்பிப் போய் மேலும் இரண்டு வாளி கொண்டுவந்தார். அது அவர் மனைவியின் பெயரில் எழுதப்பட்டது. அந்த அம்மாள் நிறைமாதத்தை நெருங்கியவள்; மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். விடிவதற்கு முன்பே எழுந்து தம் நிரையை வெட்டி முடித்து, மேட்டில் இருந்த அவள் மரங்களையும் அவரே வெட்டிவிடுவாராம். அவள் சமதரையில் பால் எடுப்பதோடு சரி. வாப்பா, "பெண்டாட்டிக்கு நல்ல உதவி செய்கிறீர்" என்றார். அவர் வாப்பாவை ஒரு மாதிரியாகப் பார்த்து, "உதவி என்னங்க மொதலாளி, எங்க பெரட்டுத்தானே" என்றார். அவர்களுக்கு அது ஒரே கணக்கு. தோட்டத்து ஆண்கள் எல்லோரும் அப்படி இருந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. கள்ளுக்கடையே கதியென்று கிடந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த ஒருவரின் சொல் எனக்குப் புரிய இத்தனை வருஷங்கள் ஆயின.

இனிக் கடைக்காரர்களாகிய நமக்குரிய பங்கு. நாம் கணவர்கள் மட்டும் அல்லர், முதலாளிகளும்கூட. 1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் திருத்தப்பட்டு 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. முன்பு 60 நாளாக இருந்த பிரசவ விடுமுறை இப்பொழுது 98 நாள். மணமான ஆண் தொழிலாளிக்குப் பிள்ளை பிறந்தால் சம்பளத்தோடு தொடர்ந்து 7 நாள் விடுமுறை உண்டு. ஐந்து பிரசவம் வரை. பன்னிரண்டு மாதம் நம்மிடம் வேலை செய்திருக்க வேண்டும், முப்பது நாள் முன்னதாகச் சொல்லவேண்டும். நம் கடைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? தெரிந்தவர்களில் எத்தனை பேர் தாமாக எடுத்துச் சொன்னோம்? சட்டம் தருவதைத் தருவது தர்மமன்று, கடன். கடனைக் கேட்ட பிறகு கொடுப்பவனைவிடக் கேளாமல் கொடுப்பவன் மேல் அல்லவா?

இன்னுமொன்று. நம் உணவுக் கடைகளிலும் ஜவுளிக்கடைகளிலும் இராமநாதபுரத்திலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் பெர்மிட்டில் வந்து உழைக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள்தான் இன்றைய சபராளிகள். என் கடையில் ஒருவனுக்கு ஊரில் பிள்ளை பிறந்தது. சரக்கறையில், துணிச் சிப்பங்களுக்கு நடுவே நின்று, கைப்பேசியில் தன் பிள்ளையின் முகத்தை முதல் முதலாகப் பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே ஆள் காத்திருக்கிறது என்று நான் சத்தம் போட்டேன். ஓடிவந்து புன்சிரிப்போடு துணி கிழித்துக் கொடுத்தான். கை நடுங்கியது. அதைக் கண்ட பிறகும் எனக்கு அப்பொழுது உறைக்கவில்லை. கடல் கடந்து போய்வர 7 நாள் எம்மட்டு? சட்டம் எட்டாத இடத்தில்தான் முதலாளியின் மனச்சாட்சி தொடங்குகிறது. பேறுகாலத்தை ஒட்டி லீவைத் திருப்பி அமைத்துக் கொடுப்பது, டிக்கெட்டுக்கு முன்பணம் கொடுப்பது, இவ்விரண்டுமே முடியாவிட்டால் பேசுவதற்கு ஒரு மணி நேரமாவது கொடுப்பது, இதனால் எந்தக் கடையும் மூடிப்போகாது.

என் லாத்தாவின் கண்ணீருக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. இளையவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது என்பதற்காக மூத்தவர் மனத்தை மிதித்துச் செல்லலாகாது. மறுவாரம் போய் அவரருகில் உட்கார்ந்து கேட்டேன்: "லாத்தா, இந்தப் பையன் உன் வயிற்றில் இருக்கும்பொழுது உனக்கு யார் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்கள்?" மச்சான் அப்பொழுது கிழக்குக் கரைப் பக்கம் துணி விற்கப் போய்விட்டால் மாதக் கணக்கில் வரமாட்டார். லாத்தா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "யாரும் இல்லை தம்பி. அதனால்தானோ என்னவோ, பார்க்கப் பொறுக்கவில்லை" என்றார். அது கோபம் அன்று. கிடைக்காமல் போனதன் வேதனை. நம் வீடுகளில் மாமியாரின் கடுஞ்சொல் என்று நாம் சொல்வதில் பாதி இப்படிப்பட்டதாகவே இருக்கும்.

ஆகவே இளந்தம்பதிகளுக்கும் ஒரு வார்த்தை. குடும்பத்தைப் பங்கிட்டுக்கொள்வது என்றால் நீங்கள் இருவர் மட்டும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பங்கிடுவதன்று. தாயிடம் ஒரு பங்கைக் கேட்டு வாங்குங்கள். பேறுகாலத்து மருந்துச் சரக்கு எது, நாற்பது நாளில் எதை உண்பது, எதைத் தவிர்ப்பது என்று கேளுங்கள். டாக்டர் சொல்வதற்கு மாறில்லாததை எல்லாம் அவர் சொற்படி செய்யுங்கள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவது நம் வழக்கம். போகலாம், நல்ல வழக்கம்தான். ஆனால் அனுப்பிவிட்டு அத்தோடு கணக்கை முடித்துக்கொள்வதற்கு அது சாக்காகிவிடக் கூடாது. எங்கே பெறுவது என்பதை அவளையும் இரு வீட்டாரையும் கலந்து முடிவு செய்யுங்கள்.

இக்கட்டுரையை என் மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். தன்னைப் பற்றி எழுதியதற்கு ஒன்றும் சொல்லவில்லை. "அந்தக் குறிப்பேட்டை ஆண்களும் பிரித்துப் படிக்கவேண்டும் என்று எழுதுங்கள்" என்றாள். சரியான பேச்சு. அதில் ஒட்டும் வில்லையின் நிறத்தை வைத்தே அபாயத்தின் அளவு தெரியும். வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஏறிக்கொண்டு போகும். மனைவியின் குறிப்பேட்டில் என்ன நிறம் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? விடாத தலைவலி, கண் மங்கல், முகமும் கையும் திடீரென்று வீங்குதல், நெஞ்சுக்குக் கீழே வலி, இரத்தப் போக்கு, பிள்ளையின் துடிப்புக் குறைதல், இவற்றில் எது கண்டாலும் கடையைப் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். பிள்ளை பிறந்த பிறகு அவள் காரணமின்றி அழுதாலும், யாருடனும் பேசாமல் இருந்தாலும், பிடிவாதம் என்று ஏசாதீர்கள். அதுவும் ஒரு நோவுதான். அதற்கும் மருத்துவம் உண்டு.

என் மருமகனை நான் கண்டிக்கவில்லை. கிளினிக் நாட்களில் அவனுக்குச் சம்பளத்தோடு லீவு என்று சொல்லிவிட்டேன். அன்று கல்லாவிலும் நானே, துணி கிழிப்பதிலும் நானே. இரண்டு வாடிக்கைக்காரர்கள் காத்திருக்கப் பொறுக்காமல் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார்கள். நட்டம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். லாத்தா இன்னும் முழுவதும் சமாதானமாகவில்லை. ஆனால் சென்ற வாரம் நான் போனபொழுது, மகன் உலர்த்திய துணிகளை அவர் மடித்துக்கொண்டிருந்தார். மருமகளின் சட்டையும் அதில் இருந்தது.

எல்லாம் வல்ல அல்லாஹ் அந்தப் பெண்ணுக்கும், நம் வீடுகளில் உள்ள கர்ப்பவதிகள் அனைவருக்கும் சுகப்பிரசவத்தைத் தந்தருள்வானாக. நம் பாட்டிமாரும் தாய்மாரும் தனிமையில் பட்ட பாட்டுக்கு அவனே கூலி கொடுப்பானாக. பக்கத்தில் இருந்துகொண்டே வெளியூரில் இருந்த என் போன்றவர்களை மன்னிப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.